சுவருக்கும் ஒரு கூரை வேண்டும்

போன ஐப்பசி மழையில் வேலூர் விருதம்பட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கறை தெரிந்தது. முதலில் உள்ளங்கை அளவுதான் இருந்தது. தீபாவளி முடிவதற்குள் முறத்தளவு ஆகிவிட்டது. பெயின்ட் உப்பி, விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தின் மறுபக்கம்தான், வீடு கட்டும்போது எலிவேஷனுக்காக ஆசை ஆசையாக ஒட்டிய கல் டைல். ஒட்டிக்கொடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "கல்லுக்குள்ள எப்படி சார் தண்ணி போவும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தண்ணீர் கல்லுக்குள் போகவில்லை. கல்லுக்குப் பின்னால் போயிருந்தது.

அதே வாரம் சியாட்டிலில் இருக்கிற என் மச்சான் வீடியோ காலில் வந்தான். அவன் வீட்டிலும் வெளிச்சுவர் வேலையாம். மரச்சட்டத்தால் கட்டிய வீடு. சுவரின் மேல் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "இதுதான் மாமா சைடிங். பின்னாடி இருக்கிற மரம் ஊறிப்போச்சு" என்றான். கேமராவைத் திருப்பித் தோட்டத்துப் பக்கம் இருந்த மரத் திண்ணையையும் காட்டினான். அதற்குப் பெயர் டெக்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு ஊர் மழையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. மழைக்குப் பேர்போன சியாட்டிலுக்கும், வெயிலுக்குப் பேர்போன நம் வேலூருக்கும் ஆண்டு மழை ஏறக்குறைய ஒன்றுதான்: 1000 மில்லிமீட்டரை ஒட்டி. பெய்கிற விதம்தான் வேறு. அங்கே வருஷத்தில் 150 நாள் போல நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். இங்கே அதே தண்ணீர் கொஞ்ச நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் வெயில் காயும். அங்கே சுவர் காய நேரமே கிடைக்காமல் மரம் உளுத்துப்போகிறது. இங்கே சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டிச் சுட்டுச் சுவரில் வெயில் கீறல் போடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கீறலைத் தேடி மழை வருகிறது. அதனால் "மழைக்கு எந்தச் சுவர் நல்லது" என்று வேலூரில் ஒருவர் கேட்டால், "முதலில் வெயிலுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

சைடிங் என்றால் என்ன

நம் பக்கம் நாட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்தவர்களுக்குச் சைடிங்கைப் புரிந்துகொள்வது சுலபம். ஓடு போடும்போது கீழிருந்து மேலே போவார்கள். மேல் வரிசை கீழ் வரிசையின் தலையைக் கவிந்திருக்கும். தண்ணீர் ஓட்டின் முதுகிலிருந்து அடுத்த ஓட்டின் முதுகுக்கு இறங்கி, இறவாணத்தில் சொட்டிவிடும். பசை கிடையாது, சிலிக்கான் கிடையாது. தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும் என்கிற ஒரே நம்பிக்கையில் கட்டியது. இந்த ஓட்டுக் கூரையை எடுத்துச் செங்குத்தாகச் சுவரின் மேல் மாட்டினால் அதுதான் சைடிங். தேவதாரு போன்ற மரப்பலகை, வினைல் என்கிற பிளாஸ்டிக், சிமென்ட்டும் நாரும் கலந்த ஃபைபர் சிமென்ட் பலகை என்று பொருள் மாறும். கவிந்து இறங்கும் முறை மாறாது.

முக்கியமான சங்கதி, சைடிங் தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை. தடுக்கும் என்று அதைச் செய்கிறவர்களே சொல்வதில்லை. காற்றோடு அடிக்கிற மழையில் கொஞ்சம் உள்ளே போகத்தான் போகும். அதனால் பலகைக்குப் பின்னால் நீர் புகாத ஒரு உறை போர்த்தியிருப்பார்கள். நல்ல வேலை என்றால் பலகைக்கும் உறைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருப்பார்கள். உள்ளே வந்த தண்ணீர் அந்த உறையில் வழிந்து, அடியில் திறந்திருக்கிற வாய் வழியாக வெளியே போய்விடும். மேலும் கீழும் திறப்பு இருப்பதால் காற்றும் ஓடும், மிச்ச ஈரம் காயும். ஜன்னலுக்கு மேல், சுவர் சேரும் மூலை போன்ற இடங்களில் மடித்த தகடு வைத்துத் தண்ணீரை வெளிப்பக்கம் தள்ளிவிடுவார்கள். வினைல் பலகையின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள்கூட வைத்துத்தான் வரும். அதன் ஆணியையும் இறுக்கி அடிக்கக் கூடாது. 12 அடிப் பலகை சூட்டிலும் குளிரிலும் அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும், இறுக்கினால் நெளிந்துவிடும்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கனடாவின் வான்கூவர் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1980-களிலும் 90-களிலும் அங்கே கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், வறண்ட ஊர்களின் பாணியைப் பார்த்து, கூரை நீட்டம் இல்லாமல், சுவரை இறுக்கி மூடிப் பூசிவிட்டார்கள். பார்க்க அழகு. ஆனால் சின்னச் சின்னச் சந்துகளில் புகுந்த மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவருக்குள் இருந்த மரச்சட்டங்கள் அழுகின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனாளி ஆயின. அந்த மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998-ல் விசாரணை ஆணையமே வைக்க வேண்டியதாயிற்று. இந்த அடி பட்ட பிறகுதான் அந்தப் பக்கம் இடைவெளி விட்ட சுவர் கட்டாயமானது.

என் கல் டைலுக்கும் அதே கதைதான். டைலுக்கும் டைலுக்கும் நடுவில் இருந்த கோடு வெயிலில் வெடித்திருக்கிறது. அதன் வழியே போன தண்ணீர் டைலுக்குப் பின்னால் ஒட்டாமல் விட்டிருந்த பொந்துகளில் தேங்கி நின்றிருக்கிறது. டைலுக்குப் பின்னால் நான்கைந்து உருண்டைக் கலவையை மட்டும் அப்பி ஒட்டுவது நம் பக்கம் சகஜம். அந்த உருண்டைகளுக்கு நடுவே இருப்பதெல்லாம் காலி இடம். வெளியே வர வழி இல்லை. செங்கலோ தாகத்தோடு காத்திருக்கிறது. பிறகென்ன, கூடத்துச் சுவர் வழியாக வெளியே வந்தது.

குடித்துக் காயும் சுவர்

நம் ஊர்ச் செங்கல் சுவர் வேறு ஜாதி. அதற்கு உறையும் கிடையாது, இடைவெளியும் கிடையாது. மழை பெய்தால் கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்தால் ஆவியாக விடும். சுவர் தடிமனாக இருந்தால், அது குடித்து முடித்து உள்பக்கம் வருவதற்குள் மழை நின்றுவிடும். இதுதான் 9 அங்குல வெளிச்சுவரின் ரகசியம். செலவைக் குறைக்க வெளிச்சுவரையே நாலரை அங்குலத்தில் கட்டும் வீடுகளில் கறை சீக்கிரம் வருவதும் இதனால்தான்.

ஆற்காட்டில் எங்கள் தாத்தா வீடு சுண்ணாம்புக் காரை வீடு. அந்தச் சுவர் மழையில் கருக்கும், தை மாதத்தில் வெளுக்கும். நைனா அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. சுண்ணாம்புப் பூச்சுக்கு மூச்சு உண்டு, ஈரத்தை வெளியே விடும். மயிரிழைக் கீறல் விழுந்தாலும், தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பே அந்தக் கீறலில் மறுபடி படிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும். சிமென்ட்டுக்கு அந்தக் குணம் குறைவு. பலம் இருக்கிறது, பொறுமை இல்லை. வெடித்தால் வெடித்ததுதான்.

அதற்காக இன்றைக்கு எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்று சொல்ல மாட்டேன். அதைக் குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே பெரும் பாடு. சிமென்ட் பூச்சையே ஒழுங்காகச் செய்தால் போதும். ஒழுங்கு என்றால் என்ன? முதலில், சிமென்ட்டை அள்ளிக் கொட்டாமல் இருப்பது. "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று ஒன்றுக்கு மூன்று கலவை, அதாவது ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல், போடச் சொல்கிறவர்கள் தங்கள் காசிலேயே வெடிப்பை வாங்குகிறார்கள். சிமென்ட் கூடக் கூடப் பூச்சு காயும்போது அதிகம் சுருங்கும். வெளிப்பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து அல்லது ஆறு போதும். முக்கால் அங்குலக் கனத்தை ஒரே அடியாக அப்பாமல் இரண்டு கையாகப் பூச வேண்டும். பூச்சுக்கென்றே கல்லை உடைத்துச் செய்கிற பி-சாண்ட் மணலைச் சலித்துப் போட வேண்டும், ஜல்லித் தூள் கலந்த மணல் கூடாது. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் கோழி வலை அடித்துவிட்டுப் பூச வேண்டும். வெயிலில் கான்கிரீட் ஒரு கணக்கில் விரியும், செங்கல் வேறு கணக்கில் விரியும். வலை இல்லாவிட்டால் இரண்டாவது கோடையிலேயே தூண் ஓரமாக நேர்கோட்டில் கீறல் வரும். உங்கள் தெருவில் போய்ப் பாருங்கள், பாதி வீடுகளில் அந்தக் கோடு தெரியும்.

அப்புறம் தண்ணீர் காட்டுவது. நம் வெயிலில் காலையில் பூசிய பூச்சு மதியத்துக்குள் வெளுத்துவிடும். குறைந்தது ஏழு நாள், நாளைக்கு மூன்று வேளை நனைக்க வேண்டும். மேற்குச் சுவருக்குச் சாக்கு கட்டி நனைத்தால் இன்னும் நல்லது. இந்த ஒரு வேலையைச் சித்தாள் தலையில் கட்டிவிட்டுப் போகிற வீட்டுக்காரர்கள்தான் பின்னால் ஆயிரக்கணக்கில் வாட்டர்புரூஃப் பெயின்ட் வாங்குகிறார்கள்.

எந்தத் தண்ணீரைக் காட்டுகிறீர்கள் என்பதும் இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி. பாலாற்று ஓரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கமெல்லாம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் உப்பைச் சேர்த்த கதை நமக்குத் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் வரை போன விஷயம் அது. அந்த மாதிரி உப்புத் தண்ணீரில் கலவை குழைத்தால், சுவர் காயக் காய உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும், பெயின்ட்டைத் தள்ளிவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இன்னும் ஆபத்து, கம்பி துருப்பிடிக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கூடாது என்கிறது. போர் தண்ணீரை வீடு தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டுச் செலவில் அது சின்னத் தொகைதான். டேங்கர் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் வாங்கத்தான் வேண்டும்.

செங்கலையும் சோதிக்கலாம். காய்ந்த கல் ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், அதாவது 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்தால், அந்தச் சூளைக் கல் வெளிச்சுவருக்கு ஆகாது. கடைத் தராசு போதும்.

இதையெல்லாம் அழகுப் பிரச்சினை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 2021 நவம்பர் 19 விடியற்காலையில், தொடர் மழையில் பேர்ணாம்பட்டில் சுவர் இடிந்து விழுந்து ஒரே வீட்டில் 9 பேர் இறந்தார்கள். பழைய சுவர் தொந்தி மாதிரிப் பிதுங்கியிருந்தாலோ, சாய்ந்திருந்தாலோ, கீறலுக்குள் விரல் நுழைந்தாலோ, இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் அதற்கு மருந்து இல்லை. மழைக்கு முன்னால் அந்தச் சுவரோரம் படுப்பதை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

குடை பிடிக்கும் கல்

சுவரில் தண்ணீர் படாமலே செய்துவிட்டால்? நம் முன்னோர் அதைத்தான் முதலில் யோசித்தார்கள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்க்கிறவர்கள் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த முறை போனால் தலையை நிமிர்த்திக் கொடுங்கையைப் பாருங்கள். கூரை விளிம்பிலிருந்து வெளியே நீண்டு, வளைந்து இறங்குகிற கல். மூங்கிலும் ஓலையும் வேய்ந்த இறவாணத்தைப் பார்த்துக் கல்லில் செய்தது மாதிரி இருக்கும். மழைத் தண்ணீர் அந்த வளைவில் வழிந்து, சிற்பத்தைத் தொடாமல் தள்ளிப்போய் விழும். கல் தூணுக்கே குடை பிடித்திருக்கிறார்கள். நாம் செங்கலுக்குப் பிடிப்பதில்லை.

இப்போது வருகிற பெட்டி மாதிரி வீடுகளில் சன்ஷேடே இல்லை, அல்லது ஒரு அடிக்குக் கணக்குக்காக நீட்டியிருக்கிறது. இரண்டு அடி சன்ஷேடு மழைக்கும் வெயிலுக்கும் சேர்த்துச் செய்கிற வேலையை எந்த பெயின்ட்டும் செய்யாது. அதன் மேல்பரப்பு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு இழுத்திருக்க வேண்டும். தண்ணீருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: விளிம்பில் சொட்டாமல் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு சுவர் வரைக்கும் ஊர்ந்து வரும். அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். பூச்சு ஈரமாக இருக்கும்போது ஒரு கம்பியை வைத்து இழுத்தால் ஆகிவிடும் வேலை, அரை மணி நேரம். சொன்னால்தான் செய்வார்கள்.

ஜன்னல்பற்றி ஒரே ஒரு வார்த்தை. யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கம் சின்ன ஓட்டைகள் இருக்கும். எறும்பு வருகிறது என்று அதில் சிலிக்கான் அடைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அடைத்தோம். முதல் மழைக்குக் கட்டில் நனைந்தது.

அப்படியானால் நமக்குச் சைடிங்கே வேண்டாமா

நான்கு பக்கமும் வேண்டாம் என்பேன். செங்கல் சுவருக்கு அது அவசியமில்லை, செலவும் அதிகம். ஆனால் மேற்குச் சுவருக்குப் போட்டால் பிரயோஜனம் உண்டு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. ஆடி, ஆவணியின் சாயங்கால இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிளம்பி வரும், ஐப்பசி மழை கிழக்கும் வடகிழக்குமாக அடிக்கும். மேற்குச் சுவருக்கு மழையோடு மத்தியான வெயிலும் சேர்ந்து கிடைக்கிறது. அந்தச் சுவரின் மேல் ஃபைபர் சிமென்ட் பலகையோ, பிசின் ஊறிய தாள்களை அழுத்திச் செய்த ஹெச்.பி.எல். ஷீட்டோ ஒரு இடைவெளி விட்டு மாட்டினால், வெயில் பலகையைச் சுடும், சுவரைச் சுடாது. நடுவில் சூடான காற்று மேலே போய்விடும். சுவரின் மேல் இன்னொரு சுவரின் நிழல் விழுகிற மாதிரி.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது சட்டத்தை. தாங்குகிற சட்டங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். படுக்கையாக வைத்தால் ஒவ்வொரு சட்டமும் ஒரு அணை, உள்ளே வந்த தண்ணீர் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். இரும்பு பாக்ஸ் பைப்பில் செய்தால் நாலு மழைக்குள் துரு வழிந்து கோடு போடும், அலுமினியம் நல்லது. ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். அடியையும் மேலையும் திறந்தே விட்டு, மெல்லிய வலை மட்டும் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த இடைவெளி குளவிக்கும் அணிலுக்கும் வாடகையில்லாத வீடு. வேலை முடிந்த கையோடு "நீட்டா இருக்கும் சார்" என்று அடிப்பக்கத்தைச் சிலிக்கான் வைத்து அடைக்க வருவார்கள். விடாதீர்கள். பலகையின் அடி விளிம்பு தரையிலிருந்து அரை அடிக்குக் குறையாமல் உயரத்தில் இருக்கட்டும், தரையில் பட்டுத் தெறிக்கிற மழையும் சேறும் அந்த உயரம்வரை சும்மா இருக்காது.

பின்னால் இருக்கிற சுவர் நன்றாகப் பூசி, காய்ந்து இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பலகையைப் போட்டு மூடிவிட்டால் ஓட்டைச் சுவரும் நல்ல சுவர் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம்.

டெக், திண்ணை, மாடி

மச்சான் வீட்டு டெக்குக்கு வருவோம். தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, மரச் சட்டத்தின் மேல் பலகை பரப்பிய திறந்த மேடை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் போல இடைவெளி இருக்கும். மழை அதில் விழுந்து கீழே போய்விடும். அதனால் சாய்வு தேவையில்லை, தேங்கலும் இல்லை. அதிலும் ஒரு பலவீனமான இடம் உண்டு: டெக்கை வீட்டுச் சுவரோடு சேர்க்கிற நீளமான கட்டை. அங்கே தகடு மடித்து வைக்காவிட்டால் தண்ணீர் புகுந்து, கட்டையும் சுவரும் சேர்ந்து உளுக்கும். அமெரிக்காவில் டெக் சரிந்து விழுந்த விபத்துகளில் பெரும்பாலானவை இந்தச் சேர்க்கை விட்டுப்போனதால்தான். அங்கே ஆணி போதாது, போல்ட் வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். இன்னொன்று: பூஞ்சையும் கரையானும் வராமல் இருக்க மருந்து ஏற்றிய மரத்தை அங்கே பயன்படுத்துகிறார்கள். முன்னே அதில் ஆர்சனிக் கலந்திருந்தது. 2003-க்குப் பிறகு வீடுகளுக்கு அதை நிறுத்திவிட்டுச் செம்பு மருந்துக்கு மாறினார்கள். செம்பு சாதாரண ஆணியைத் தின்றுவிடும், அதனால் துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காததோதான் அடிக்க வேண்டும்.

வேலூரில் மர டெக் போட ஆசைப்படுகிறவர்கள் கரையானை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். மண்ணைத் தொடுகிற மரம் இங்கே உணவுதான். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையைக் கரையான் அவ்வளவாகத் தொடாது. ஆனால் நாம் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். கருப்பு, காப்பி நிறப் பலகையில் பங்குனி மத்தியானம் கால் வைத்துப் பாருங்கள், அப்புறம் நிறம் பார்த்து வாங்குவீர்கள். தோட்டத்துத் திண்ணைக்கு என் ஓட்டு மரத்துக்கு இல்லை. சொரசொரப்பான கருங்கல் பலகையை வெளிப்பக்கச் சாய்வோடு பதித்தால் பேரன் காலம்வரை இருக்கும். வழுவழுப்பு டைல் மட்டும் வேண்டாம், மழையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு.

உண்மையில் நம் டெக் மொட்டை மாடிதான். வடாம் காய்வதும், துணி காய்வதும், மின்சாரம் போன ராத்திரியில் படுப்பதும் அங்கேதான். அதன் கணக்கு மச்சானுடையதற்கு நேர் எதிர். அங்கே தண்ணீர் பலகைச் சந்தில் விழுந்துவிடும். இங்கே ஒரு சந்துகூட இருக்கக் கூடாது, மொத்தத் தண்ணீரும் மேலேயே நடந்து குழாய்க்குப் போக வேண்டும். எவ்வளவு தண்ணீர்? 1000 சதுர அடி மாடியில் ஒரு ராத்திரி 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர். நான்கைந்து சின்டெக்ஸ் தொட்டி. அது ஒரு பள்ளத்தில் தேங்கினால் கீழே இறங்க வழி தேடிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் கான்கிரீட் தளத்தின் மேல் வெதரிங் கோர்ஸ் போடுகிறோம். பழைய முறை: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். அதன் மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள். இந்தக் கனம் மழைக்கு மட்டும் இல்லை. வெயில் நேரே கான்கிரீட்டைச் சுடாமல் பார்த்துக்கொள்கிறது. கான்கிரீட் விரிந்து சுருங்குவது குறைந்தால் கீறல் குறையும், கீறல் குறைந்தால் ஒழுகல் குறையும். இப்போது வெள்ளை கூல் ரூஃப் டைலும் வெள்ளை பெயின்ட்டும் வருகின்றன. அவையும் இதே காரணத்தால் நல்லவைதான். ஆனால் சாய்வை பெயின்ட் தராது. பத்தடிக்கு ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் சாய்வு, ரசமட்டம் வைத்துப் பார்த்தது, கண் மதிப்பில் இல்லை.

ஒழுகுவது பெரும்பாலும் நடுமாடியில் இல்லை, ஓரத்தில்தான். தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையில் கலவையை வளைவாக வைத்து வழிக்க வேண்டும்; வாட்டர்புரூஃப் பூச்சும் அந்த வளைவின் மேல் ஏறிச் சுவரில் ஒரு அடி போக வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலையை மாடிப்பக்கம் சாய்த்துப் பூசினால் அழுக்குத் தண்ணீர் வெளிச்சுவரில் கோடு போடாது. குழாய் நான்கு அங்குலம், குறைந்தது இரண்டு இடத்தில். ஒன்றைத்தான் வைப்பேன் என்பவர் வேப்பமரம் இல்லாத தெருவில் வீடு வாங்கட்டும். குழாய்த் தண்ணீர் சுவரடியில் கொட்டாமல் மழைநீர்த் தொட்டிக்குப் போகட்டும். 2003-லிருந்து தமிழ்நாட்டில் அது சட்டமும்கூட.

வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரைக் கட்டி, இரண்டு நாள் விட்டுக் கீழே வந்து தளத்தை அண்ணாந்து பாருங்கள். கறை இல்லையென்றால் மேஸ்திரிக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் யாரையும் ட்ரில் போட விடக் கூடாது. சோலார் பேனல், பெர்கோலா என்கிற நிழல் பந்தல், மாடி டெக், எதுவாக இருந்தாலும் கான்கிரீட் கட்டைகளின் மேல் நிற்கட்டும். காற்றுக்குப் பறக்காத எடை இருக்கிறதா என்று மட்டும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கறை வந்துவிட்டவர்களுக்கு

பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து மூன்றடிக்குள் பட்டையாக இருந்தால் நிலத்து ஓதம் ஏறுகிறது. வெயில் காலத்திலும் மாறாமல் இருந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறது. மழைக்கு மழை பெருகினால் வெளிச்சுவர். சந்தேகமாக இருந்தால் ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும்.

வெளிச்சுவர் என்றால் வெளியேதான் வைத்தியம். உள்ளே வாட்டர்புரூஃப் பூச்சு அடிப்பது, கசிகிற குடத்துக்குள் தண்ணீரை விட்டுவிட்டு வெளியே துணி சுற்றுவது போல. ஈரம் வேறு இடத்தில் எட்டிப் பார்க்கும். மயிரிழைக் கீறலை, இழுபடுகிற தன்மையுள்ள வெளிப்புற பெயின்ட்டே மூடிவிடும். நாணயம் நுழைகிற கீறலை வாய் அகலமாக வெட்டி, அடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். எதுவானாலும் ஈரச் சுவரில் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கிற தண்ணீரைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும், அடுத்த கோடையில் பெயின்ட் அப்பளமாகப் பொரியும்.

நான் கல் டைலை முழுக்கப் பெயர்த்துவிட்டேன். பெயர்க்கும்போது பின்னாலிருந்த செங்கல் கறுத்து, கையால் அழுத்தினால் சில்லென்றிருந்தது. கொத்தனார் மறுநாளே பூசிவிடலாம் என்றார். பொங்கலுக்குப் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். தை, மாசி வெயில் பட்டதும் செங்கல் மெல்ல மெல்லச் சிவப்புக்குத் திரும்பியது. உப்பு பூத்த இடத்தையெல்லாம் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிட்டோம். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். மாசிக் கடைசியில் ஒன்றுக்கு ஆறு கலவையில் இரண்டு கையாகப் பூசி, நானே ஒன்பது நாள் தண்ணீர் காட்டினேன். மேலே ஒரு இரண்டடி சன்ஷேடு வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் "என்ன சார், வேலை பாதியிலே நிக்குது?" என்று கேட்கிறார்கள். சித்திரை வெயில் முழுக்க ஒருமுறை அதன்மேல் அடிக்கட்டும், எங்கே கீறுகிறது என்று பார்த்துவிட்டு அடிக்கிறேன்.